ஃபீட் முன்னால் மூன்று நிமிடம்: கண் லென்ஸில் வந்த மங்கலுக்கு நுண்ணலைதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 41. செயற்கைக்கோள் தரை நிலையத்தில் 14 ஆண்டுகளாக டெக்னீஷியன் வேலை. 6 கிகாஹெர்ட்ஸ் அப்லிங்க் (தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும் அலை), 4.5 மீட்டர் டிஷ், 400 வாட் டியூப் ஆம்ப்ளிஃபயர் இரண்டு (ஒன்று ஓடும், மற்றொன்று மாற்று). எட்டு மாதத்துக்கு முன் ஃபீட்டின் (டிஷ்ஷை நோக்கி அலையை உமிழும் குழலின்) வாய் உறைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஏறினேன். ஆம்ப்ளிஃபயரை மியூட் செய்துவிட்டுத்தான் (அணைக்காமல், வெளியீட்டை மட்டும் நிறுத்திவிட்டு) ஏறினேன். மூன்று நிமிடம் இருக்கும், முகத்தின் ஒரு பக்கம் இளஞ்சூடாகத் தெரிந்ததும் இறங்கிவிட்டேன். மாற்று ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஆன்டெனாவுக்கு மாறி, சுமார் 50 வாட்டில் ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஃபீட் வாயின் விட்டம் 20 செ.மீ.; என் முகம் ஒரு கை தூரத்தில், பக்கவாட்டில் இருந்தது. இப்போது மாலையானால் கண் எரிகிறது. இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு கூசுகிறது. கண்ணாடி மாற்றப் போனபோது, லென்ஸின் பின்பக்கம் லேசான மங்கல் இருக்கிறது என்றார்கள். இது நுண்ணலையால் வந்ததா? இந்த வேலையில் தொடரலாமா? எந்தப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குவது? வேறு நோய் எதுவும் இல்லை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் மட்டும், அதிகமானால் சில நாள் மாத்திரை.

பதில்: முதலில் மூன்று கேள்விக்கும் நேரடியான பதில். அன்று உங்கள் முகத்தில் பட்டது, தொழிலாளர்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவைத் தொட்டிருக்கலாம், தாண்டியும் இருக்கலாம். ஆனால் லென்ஸில் புரை உண்டாக்கும் அளவை அது எட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேலையில் தொடரலாம், ஆனால் மியூட் மட்டும் செய்துவிட்டு ஏறுவது இனி ஒரு நாளும் வேண்டாம். கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஃபீட் சம்பவத்தைவிட, கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த மாத்திரைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள்தான் நுண்ணலைகள். எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் இவற்றுக்குக் கிடையாது. அதற்குப் பத்து எலக்ட்ரான்வோல்ட் அளவில் வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்றில் இருப்பது ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் லட்சத்தில் இரண்டரைப் பங்கு. திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடாக்குவதுதான் நுண்ணலை செய்யும் வேலை. எனவே 14 ஆண்டு வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு நாள் புரையாக வெளிவரும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. திசுவைச் சூடேற்றாத அளவில் பட்ட அலை மறுநாளுக்குப் பாக்கி வைப்பதில்லை. சூடேற்றும் அளவில் பட்டால் சில நிமிடங்கள்கூட முக்கியம்.

உடம்பில் மற்ற இடங்களில் சூடு ஏறினால் இரத்த ஓட்டம் அதை வாரிக்கொண்டு போய்விடும். கண் லென்ஸுக்குள் ஒரு இரத்தக் குழாய்கூட இல்லை. முன்னால் இருக்கும் நீர்மம், பின்னால் இருக்கும் கூழ் இரண்டின் வழியாகத்தான் அதன் சூடு மெல்ல வெளியேற வேண்டும். லென்ஸ் தன் பழைய இழைகளை ஒருபோதும் உதிர்ப்பதும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் புதிய இழைகளை மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகிறது. தோலில் கொப்புளம் வந்தால் ஆறிப் புதுத்தோல் வளரும். லென்ஸின் புரதம் சூட்டில் திரிந்தால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி தெளியாதது போல, அந்த இடம் அப்படியே நின்றுவிடும். நுண்ணலை என்றதும் கண்ணைப் பற்றிக் கேட்பதற்கு இதுதான் காரணம், அந்தக் கேள்வி நியாயமானது.

எல்லா அதிர்வெண்ணும் லென்ஸை ஒரே மாதிரி எட்டுவதில்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை தசையில் சுமார் 2 செ.மீ. ஆழம் வரை போகும். 10 கிகாஹெர்ட்ஸில் அது 3, 4 மில்லிமீட்டர். 60 கிகாஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அளவுதான். கருவிழியின் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர், லென்ஸ் அதற்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் பின்னால். ஆகவே மில்லிமீட்டர் அலைகளில் அடிபடுவது கருவிழி. உடனே வலியும் கண்ணீரும் வந்து எச்சரித்துவிடும். லென்ஸுக்குப் பொல்லாத வரிசை ஏறத்தாழ 1 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை. அங்கே அலை உள்ளே போகும், கண்ணின் 24 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அலையின் உச்சம் ஒன்று லென்ஸின் பின்புறத்தை ஒட்டி விழவும் இடம் உண்டு. உங்கள் 6 கிகாஹெர்ட்ஸ் இந்த வரிசைக்குள்தான் இருக்கிறது.

அடர்த்திக் கணக்கு

இனி நான் 'மில்லிவாட்' என்று எழுதுவதெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழும் சராசரி ஆற்றல். மீட்டரில் சதுர மீட்டருக்கு வாட் என்று வந்தால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

நுண்ணலையால் விலங்குகளின் லென்ஸில் மங்கல் வருவது 1948-லேயே பதிவானது. மனிதரில் முதல் அறிக்கை 1952-இல், நுண்ணலை ஜெனரேட்டர் இயக்கிய ஒரு டெக்னீஷியனின் இரு கண்களிலும் வந்த மங்கலைப் பற்றியது. பிறகு முயல்களில் நடந்த சோதனைகள் அளவைத் தெளிவாக்கின. 2.45 கிகாஹெர்ட்ஸில், 100 முதல் 150 மில்லிவாட் அலையை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கண்ணுக்கு மிக அருகிலிருந்து செலுத்தியபோது, லென்ஸுக்குள் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சில நாட்களில் லென்ஸின் பின்புறம் மங்கல் தோன்றியது. நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தால், மங்கல் உண்டாக்கப் பல நூறு மில்லிவாட் தேவைப்பட்டது. அதே அளவுகளில் குரங்குகளுக்குப் புரை வரவில்லை. அவற்றின் முக எலும்பும் கண் குழியும் முயலைவிட நம்முடையதை ஒத்தவை. 1960, 70-களில் ரேடார் பணியாளர்களிடம் நடந்த பெரிய கண் பரிசோதனைகளும் பார்வையைக் கெடுக்கும் புரை அவர்களிடம் கூடுதலாக இருப்பதாகத் தெளிவாகக் காட்டவில்லை.

வரம்புகளை வகுத்தவர்கள் இந்த முயல் அளவுக்கு வெகு கீழேயே கோட்டைப் போட்டிருக்கிறார்கள். அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையத்தின் 2020 வழிகாட்டுதலில், 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் முழு உடம்பில் படும் அலைக்குத் தொழிலாளர் வரம்பு 5 மில்லிவாட், பொதுமக்களுக்கு 1 மில்லிவாட்; இரண்டும் 30 நிமிடச் சராசரி. முகம் போல ஓரிடத்தில் மட்டும் படுவதற்கு 6 கிகாஹெர்ட்ஸில் தொழிலாளர் வரம்பு 20 மில்லிவாட், இது 6 நிமிடச் சராசரி. அதாவது 40 மில்லிவாட் அலை மூன்று நிமிடம் முகத்தில் பட்டு, அடுத்த மூன்று நிமிடம் எதுவும் படாவிட்டால் சராசரி 20 ஆகிவிடும்.

உங்கள் சம்பவத்தை இதில் வைத்துப் பார்ப்போம். 20 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு 314 சதுர செ.மீ. அதன் வழியே 50 வாட் போனால் வாயிலேயே சராசரி 160 மில்லிவாட். முகம் நேர் எதிரே, வாயை ஒட்டி இருந்திருந்தால் இந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பக்கவாட்டில் கை தூரத்தில் இருந்ததால் அது பல மடங்கு குறைந்திருக்கும். எவ்வளவு குறைந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு தடயம் இருக்கிறது: அந்த இளஞ்சூடு. மனிதரின் முதுகுத் தோலில் பத்து விநாடி செலுத்தி அளந்தபோது, 7.5 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை சூடு மட்டுமட்டாக உணரப்பட்டது சுமார் 20 மில்லிவாட்டில். ஆகவே உங்கள் கன்னத்தில் இருபதோ, அதற்குச் சற்று மேலோ பட்டிருக்கும் என்று கொள்வது பொருத்தம். வலியோ, தோல் சிவப்போ, கருவிழிப் புண்ணோ வந்ததாக நீங்கள் எழுதவில்லை. வரம்பை ஒட்டிய அளவு, மூன்று நிமிடம், அதுவும் ஒரு பக்கம் மட்டும். லென்ஸை வேகவைக்கும் கணக்கு இதில் வரவில்லை.

சூடு தெரிந்தால் விலகிக்கொள்ளலாம் என்று இதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். பலர் செய்யும் பிழை இது. 94 கிகாஹெர்ட்ஸில் 5 மில்லிவாட்டுக்கே தோல் சூட்டை உணர்கிறது. 2.45 கிகாஹெர்ட்ஸிலோ 60 மில்லிவாட் ஆன பிறகுதான் உணர்கிறது. அலை தோலைத் தாண்டி உள்ளே போய்ச் சூடாக்குவதால் தோலிலுள்ள வெப்ப நரம்புகளுக்குத் தாமதமாகத்தான் தெரியும். லென்ஸுக்குச் சூட்டை உணரும் நரம்பே கிடையாது. உடம்பு எச்சரிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே வரம்பில் நிற்கிறீர்கள்.

அப்படியானால் அந்த மங்கல் எங்கிருந்து வந்தது?

லென்ஸின் பின்புற உறைக்கு அடியில் வரும் மங்கலைப் பார்த்து, இது நுண்ணலையால் வந்தது என்று அடையாளம் சொல்லும் தனி வடிவம் கிடையாது. அந்த இடத்தில் மங்கலை உண்டாக்குவதில் முன்னணியில் இருப்பவை ஸ்டீராய்டு மருந்துகள், நீரிழிவு, எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு, கண்ணில் பட்ட அடி, கண்ணுக்குள் நீண்ட நாள் அழற்சி. எதிரே வரும் விளக்கு கூசுவதும், வெயிலில் படிக்கச் சிரமப்படுவதும் இந்த வகை மங்கலுக்கே உரிய தொந்தரவுகள். மங்கல் பார்வையின் நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்தில் பாவை சுருங்கும்போது ஒளி முழுவதும் அதன் வழியாகவே போக நேர்கிறது.

ஆஸ்துமா அதிகமானால் சில நாள் எடுக்கும் மாத்திரை பெரும்பாலும் ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு. வருடத்துக்கு ஒரு முறை ஐந்து நாள் எடுத்தவரும், மாதம் ஒரு முறை பத்து நாள் எடுத்தவரும் ஒன்றல்ல. பல ஆண்டுகளாக அதிக அளவில் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும். மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்து, கடந்த பத்து ஆண்டில் எத்தனை முறை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, கண் அரிப்புக்குக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு, இமையில் தடவிய களிம்பு எல்லாவற்றையும் சேருங்கள். ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டைச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விடுபவர்களுக்குப் புரையோடு கண் அழுத்தமும் ஏறி, சத்தமில்லாமல் பார்வை போகும். இன்ஹேலரையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மூச்சுத் திணறல் உயிருக்கே ஆபத்து. நுரையீரல் மருத்துவரிடம் மங்கலைப் பற்றிச் சொல்லி, அளவைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வி உங்கள் வேலையைச் சேர்ந்தது. உயர் மின்னழுத்த டியூப்களுக்குள் எலக்ட்ரான் வேகமாகப் போய் உலோகத்தில் மோதும்போது எக்ஸ்ரே பிறக்கும். 20 கிலோவோல்ட்டைத் தாண்டி ஓடும் பெரிய கிளைஸ்ட்ரான்கள் (நுண்ணலையைப் பெருக்கும் டியூப்கள்), ரேடாருக்கு மின் துடிப்பு தரும் மாடுலேட்டர்களில் இது பொருட்படுத்த வேண்டிய அளவு. அதற்காகத்தான் ஈய உறையும் உலோக மூடியும் இருக்கின்றன. நுண்ணலையின் மேல் பழி போடப்படும் இடத்தில் உண்மையில் எக்ஸ்ரே இருந்திருக்குமா என்று எப்போதும் பார்க்க வேண்டும். உங்கள் வகை ஆம்ப்ளிஃபயரில் மின்னழுத்தம் இதைவிடக் குறைவு. ஆனாலும் இதற்கு முன் பெரிய கிளைஸ்ட்ரானிலோ ரேடாரிலோ மூடியைக் கழற்றி, இன்டர்லாக்கை (மூடி திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பூட்டை) வேலை செய்யாமல் கட்டி வைத்து ஓட்டிப் பழுது பார்த்த பழக்கம் இருந்தால் கண் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். லென்ஸுக்கான எக்ஸ்ரே வரம்பை 2011-இல் சர்வதேச கதிரியல் பாதுகாப்பு ஆணையம் வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (கதிர்வீச்சு அளவின் அலகு), ஐந்து ஆண்டுச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டுக்கு இறக்கியது. லென்ஸ் முன்பு நினைத்ததைவிட மென்மையானது என்று தெரிந்ததால்தான்.

கண்ணாடிக் கடைப் பரிசோதனையோடு நிற்காமல் கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாவையை விரித்து ஸ்லிட் லாம்ப்பில் (மெல்லிய ஒளிக்கீற்றோடு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில்) பார்த்து, மங்கல் எந்த அடுக்கில் இருக்கிறது, எவ்வளவு அகலம், இரு கண்ணிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று எழுதி வாங்க வேண்டும். ஸ்டீராய்டும் நீரிழிவும் உடம்பு முழுவதும் வேலை செய்பவை என்பதால் பெரும்பாலும் இரு கண்ணையும் தொடும். அன்று சூடு தெரிந்த பக்கத்துக் கண்ணில் மட்டும் மங்கல் இருந்தால் என் கருத்தை நான் மறுபடி யோசிப்பேன், அடிபட்ட வரலாற்றையும் தோண்டிக் கேட்பேன். பின்னொளியில் லென்ஸைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி இல்லை. கூடவே கண் அழுத்தம், விழித்திரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. மங்கல் வளராமல் நின்றால் வருடம் ஒரு பரிசோதனை போதும். வளர்ந்து வேலைக்கோ வண்டி ஓட்டவோ இடைஞ்சலானால் அறுவை சிகிச்சையில் லென்ஸை மாற்றலாம். புதிதாக வைப்பது பிளாஸ்டிக் வகை என்பதால், அதோடு ஆன்டெனா அருகே வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை.

மாலை எரிச்சல் வேறு கதை. அனுமதித்த அளவுக்குள் இருக்கும் நுண்ணலை கண்ணை உலர்த்தாது. குளிரூட்டிய ஷெல்ட்டரின் வறண்ட காற்றும் மானிட்டரும்தான் உலர்த்தும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காற்று முகத்தில் அடிக்காதபடி நாற்காலியைத் திருப்புங்கள், திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள், பாதுகாப்பு ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீரைப் பகலில் நான்கு முறை விடுங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டுகள் வேண்டாம். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் கண்ணீர் அளவை அளந்து பார்க்கச் சொல்லலாம்.

மியூட் என்பது பூட்டு இல்லை

உங்கள் சம்பவத்தில் எது தவறியது என்று பாருங்கள். முதல் ஆம்ப்ளிஃபயர் மியூட் ஆனது. வெளியீடு இல்லை என்பதைக் கட்டுப்பாட்டு அமைப்பு பழுது என்று எடுத்துக்கொண்டது. டம்மி லோடுக்குள் (ஆற்றலை வெளியே விடாமல் உறிஞ்சும் சுமைக்குள்) ஓடிக்கொண்டிருந்த மாற்று ஆம்ப்ளிஃபயரை வேவ்கைட் (அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்) சுவிட்ச் ஆன்டெனா பக்கம் திருப்பிவிட்டது. அமைப்பு அதற்குச் சொல்லிக் கொடுத்த வேலையைத்தான் செய்தது. மாற்று வைத்திருக்கும் எந்த நிலையத்திலும் இது நடக்கும். தொலைவில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் மியூட்டை எடுத்துவிட்டாலும் இதே நிலைதான்.

ஃபீட் பக்கம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. முதலில் தானாக மாறும் முறையை நிறுத்திக் கைமுறைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு ஆம்ப்ளிஃபயரின் உயர் மின்னழுத்தத்தையும் அணைத்து, இரண்டின் மின் பிரேக்கரிலும் பூட்டுப் போடுங்கள். சாவி ஏறுகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், மேசை இழுப்பறையில் இல்லை. பூட்டில் பெயரும் நேரமும் எழுதிய அட்டை தொங்கட்டும். தொலைக் கட்டுப்பாட்டை 'லோக்கல்' நிலைக்கு மாற்றி, கட்டுப்பாட்டு அறைக்குப் போனில் சொல்லி, கேட்டவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டியூப்பை முழுவதும் அணைத்தால் மறுபடி சூடாகி வரச் சில நிமிடம் ஆகும், சேவை அவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்காகத்தான் பலரும் மியூட்டோடு விட்டுவிடுகிறார்கள். அந்தச் சில நிமிடத்தைப் பராமரிப்பு நேரமாக முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஏறிய பிறகும் ஃபீட் பக்கம் முகத்தைக் கொண்டுபோகும் முன், அலை அளக்கும் மீட்டரின் நுனியைக் கை நீட்டிக் காட்டிப் பூஜ்யமா என்று பாருங்கள். மீட்டர் வேலை செய்கிறது என்பதை ஏறும் முன்பே தெரிந்த ஒரு அலைமூலத்தில் சோதித்திருக்க வேண்டும், ஏனென்றால் பழுதான நுனியும் பூஜ்யத்தைத்தான் காட்டும்.

இதைவிட அதிகமாகக் கண்ணைப் பலிகொடுக்கக்கூடிய பழக்கம் ஒன்று இருக்கிறது: கழற்றிய வேவ்கைட்டின் வாயில் கண்ணை வைத்து உள்ளே தண்ணீரோ தூசியோ இருக்கிறதா என்று பார்ப்பது. 10 கிகாஹெர்ட்ஸில் வழக்கமாகப் பயன்படும் வேவ்கைட்டின் உள்வாய் 22.86 க்கு 10.16 மில்லிமீட்டர், பரப்பு 2.3 சதுர செ.மீ. அதன் வழியே வெறும் ஒரு வாட் வந்தாலே வாயில் 430 மில்லிவாட். முயல்களில் சில நிமிடங்களில் மங்கல் வரவைத்த வரிசை அது, கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே தூரமும் இல்லை. ஒரு வாட் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். பரப்பு எவ்வளவு சின்னது என்று பார்த்தால்தான் ஆபத்து தெரியும். மூலத்தை அணைத்துப் பூட்டிய பிறகும் சிறு கண்ணாடியோ கேமராக் குழாயோ வைத்தே பாருங்கள். கழற்றிய வாயை உடனே உலோகத் தட்டால் மூடுங்கள்.

கசிவு வரும் இடங்கள் பெரும்பாலும் ஃபிளேஞ்ச் இணைப்புகள் (வேவ்கைட் துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டுகள்): ஒரு போல்ட் விட்டுப்போனது, கேஸ்கட் மடிந்தது, முகத்தில் கீறல், அடிக்கடி வளைந்து வெடித்த வளையும் வேவ்கைட். இணைப்பைத் திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் முதலில் குறைந்த ஆற்றலில், பத்து வாட் போல வைத்து, மீட்டர் நுனியை 5 செ.மீ. தூரத்தில் மெதுவாக இணைப்பைச் சுற்றி நகர்த்துங்கள். அதில் கிடைத்த எண்ணை முழு ஆற்றலுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 10 வாட்டில் 0.2 மில்லிவாட் என்றால் 400 வாட்டில் 8. சின்ன எண் என்று விட்டுவிட்டு முழு ஆற்றலுக்குப் போவதில்தான் ஏமாறுவோம்.

மீட்டர் உங்கள் அதிர்வெண்ணுக்கு உரியதாகவும், எல்லாத் திசையிலிருந்தும் அளப்பதாகவும், தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் சரிபார்க்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ரேடார் போலத் துடிப்புகளாக வரும் அலைக்கு டையோடு நுனி தவறான எண் காட்டும். தெர்மோகப்பிள் வகை வேண்டும். மார்பில் மாட்டும் அலாரம் கூடுதல் காவல்தான். அலை முதுகுப் பக்கமிருந்து வந்தால் உங்கள் உடம்பே அதை மறைத்துவிடும், அலாரம் மௌனமாக இருக்கும்.

கண்ணாடி வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்கிறேன். உலோக வலையோ மெல்லிய உலோகப் பூச்சோ உள்ள கண்ணாடி நேரே வரும் அலையைத் தடுக்கும், ஆனால் ஓரங்களில் உள்ள இடைவெளி வழியே அலை உள்ளே புகுந்துவிடும்; சில கோணங்களில் அங்கேயே எதிரொலித்துக் கூடவும் செய்யும். ஈயக் கண்ணாடி எக்ஸ்ரேயைத் தடுக்கும், நுண்ணலைக்குப் பயனில்லை. வெயில் கண்ணாடிக்கும் இதில் வேலையில்லை. கண்ணாடி போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் பூட்டாமல் ஏறுவார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய பயம். நீங்கள் வழக்கமாகப் போடும் மூக்குக்கண்ணாடி உலோகச் சட்டமாக இருந்தாலும், வரம்புக்குள் வேலை செய்யும்வரை மாற்ற வேண்டியதில்லை.

அன்றாட வேலையில் எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு உதவும். டிஷ்ஷுக்கு முன்னால் மிக நெருக்கத்தில் இருக்கக்கூடிய உச்ச அடர்த்தி, ஆற்றலை நான்கால் பெருக்கி டிஷ்ஷின் பரப்பால் வகுத்தது. 0.1 வாட் லிங்க் ரேடியோ, 60 செ.மீ. டிஷ் என்றால் 0.14 மில்லிவாட், பொதுமக்கள் வரம்பில் ஏழில் ஒரு பங்கு. கோபுரத்தில் பலரும் அஞ்சும் அந்த வட்ட டிஷ்ஷைவிட, பக்கத்தில் இருக்கும் நீளமான மொபைல் பேனல் ஆன்டெனாவின் முன்னால் நிற்காமல் இருப்பதே முக்கியம். உங்கள் 4.5 மீட்டர் டிஷ்ஷில் 400 வாட்டும் போனால் அதே கணக்கு 10 மில்லிவாட் தரும், முழு உடம்பு வரம்பைப் போல இரண்டு மடங்கு. கற்றை வானத்தைப் பார்க்கிறது, தரையில் நடப்பவருக்கு அதில் பங்கில்லை. ஃபீடுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே உடம்பை நுழைப்பவருக்குத்தான் உண்டு.

கடைசியாக, எட்டு மாதம் ஆனாலும் அந்தச் சம்பவத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், அதிர்வெண், ஆம்ப்ளிஃபயர் காட்டிய வாட், ஃபீட் வாயின் அளவு, முகம் இருந்த தூரமும் கோணமும், எத்தனை நிமிடம், எந்தக் கன்னத்தில் சூடு, உடன் இருந்தவரின் கையெழுத்து. ஆம்ப்ளிஃபயரின் நிகழ்வுப் பதிவில் சுவிட்ச் மாறிய நேரமும் வெளியீடும் இன்னும் இருக்கலாம். அது அழிவதற்குள் ஒரு நகல் எடுங்கள். நான் மேலே போட்ட கணக்கு உங்கள் நினைவை நம்பிப் போட்டது. அந்தப் பதிவில் 50-க்குப் பதில் 300 வாட் என்று இருந்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கை மாற்றிப் போட்டுப் பார்ப்போம்.

இந்தத் தாளையும் ஸ்டீராய்டு பட்டியலையும் கண் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பாவையை விரிக்கும் சொட்டு விட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை தெளியாது. அன்று வண்டி ஓட்ட வேண்டாம், ஏணியிலும் ஏற வேண்டாம்.